வெள்ளைக் கோதும் மஞ்சள் கோதும்

எங்கள் வீட்டில் வெடித்த தோட்டாக்களைத் திருப்பி நிரப்பியது நான்தான். என்னுடைய மனுசனுக்கு மலேரியாக் காய்ச்சல் இரண்டு தரம் வந்துபோன பிறகு விரல்களில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. துவக்கைத் தோளில் வைத்துக் குறிபார்க்க அது இடைஞ்சல் செய்யவில்லை. ஆனால் ஒரு சின்னத் தோட்டாக் கோதுக்குள் வெடிமருந்தைச் சிந்தாமல் போட அவரால் ஏலாது. மத்தியானம் சமைத்து அடுப்பை முழுக்க அணைத்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, சுளகு ஒன்றில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து அந்த வேலையைச் செய்வேன். வெளியே நாய் குரைத்தால் சுளகோடு தூக்கி நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.

அது ஒற்றைக்குழல் துவக்கு. மாமனார் காலத்தில் பன்றிக் காவலுக்கென்று அரசாங்கக் கச்சேரியில் லைசன்ஸ் எடுத்தது. பெரியமடுப் பக்கம் வயல் செய்தவர்களில் பலரிடம் அப்படி ஒன்று இருந்தது. சண்டை தொடங்கியதும் துவக்குகளையெல்லாம் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். இவர் கொண்டுபோக நினைத்திருந்த கிழமையிலேயே அந்தப் பொலிஸ் நிலையத்தைப் பூட்டிக்கொண்டு அவர்கள் பட்டினத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை. இயக்கப் பொடியள் சிலருடைய துவக்கை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்கு அதுவரை வரவில்லை. துவக்கைப் பழைய பாய் ஒன்றில் சுற்றி வைக்கோல் போருக்குள் செருகி வைத்திருந்தோம். ஆமி வந்தாலும் பயம், பொடியள் வந்தாலும் பயம். ஆனால் அதை விட்டுவிடவும் முடியவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பன்றிகள் ஒருமுறை வயலுக்குள் இறங்கினால், அந்த வருசச் சோற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைத் தோட்டாக்கள் நின்றுபோயிருந்தன. கிடைத்தாலும் அவை கடதாசிக் கோதுதான். ஒருதரம் வெடித்தால் எறிய வேண்டியதுதான். பித்தளைக் கோது அப்படியில்லை. மருந்தும் ஈயச் சன்னமும் கிடைக்கிறவரைக்கும் திரும்பத் திரும்ப நிரப்பலாம். மாமனார் வைத்துவிட்டுப் போன மஞ்சள் பித்தளைக் கோதுகள் கொஞ்சம் இருந்தன. அவற்றோடு நானா தந்த வெள்ளைக் கோதுகளும் இருந்தன.

நானா எங்களுக்கு அடுத்த வயல்காரர், முஸ்லிம் மனுசன், அண்ணன் முறையில் அப்படிக் கூப்பிடுவோம். இரண்டு சில்லு உழவு மெசின் வைத்திருந்தார். எங்கள் வயலையும் அவர்தான் உழுது தருவார். அந்த வெள்ளைக் கோதுகளை அவர் முந்தி ஒருமுறை கொழும்புக்குப் போனபோது வாங்கி வந்தார். உள்ளே பித்தளைதான், மேலே நிக்கல் பூசியிருந்தது. கழுவி வைத்த சில்வர் கரண்டி போல மினுங்கும்.

"தங்கச்சி, இதுக்குக் கடல் காத்தும் ஒண்டும் செய்யாது. கறள் பிடிக்காது, களிம்பு பிடிக்காது. உங்கட பிள்ளையள் காலத்துக்கும் நிக்கும்" என்று அவர் அவற்றை என்னிடம் தந்தபோது சொன்னார்.

இவர் சிரித்தார். "வெள்ளை பூசினால் பித்தளை இரும்பாகுமே, நானா?"

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சந்திக்கிற நேரமெல்லாம் இதே கதைதான். நானா வெள்ளையின் பக்கம், இவர் மஞ்சளின் பக்கம். கையில் எடுத்துப் புழங்கியது நான் என்றாலும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு முதலில் வெள்ளைதான் பிடித்தது. மஞ்சள் கோதைத் தோல்வாரில் செருகி வைத்தால் நாலைந்து நாளில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் என் விரலெல்லாம் ஒரு கிழமைக்கு நாறும். வெள்ளைக் கோதைத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். துவக்குக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும், வழுக்கிக்கொண்டு வரும்.

ஆனால் நாலைந்து தரம் நிரப்பிய பிறகு வித்தியாசம் தெரியத் தொடங்கியது. மஞ்சள் கோது வெடிக்க வெடிக்கக் கறுக்கும், வாய் கொஞ்சம் விரியும், நெளியும். தட்டி நிமிர்த்தினால் சொல்வழி கேட்கும். வெள்ளை அப்படி ஒன்றையும் காட்டாது. நேற்று வாங்கினது போலவே இருக்கும். ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது வாயோரத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். நகத்தால் சுரண்டினால் பூச்சு செதிலாகக் கழன்று வரும். அதற்குள் பித்தளை பிளந்திருக்கும். அப்படிக் கோடு விழுந்தவற்றை நான் நிரப்புவதில்லை. கோடு தெரியாத வெள்ளைகளை நிரப்பினாலும் தனியாக ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு, "மஞ்சள் முடிஞ்சால்தான் இதிலை கை வைக்கோணும்" என்று இவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த மாசி மாதம் பன்றிகள் கூட்டமாக வந்தன. ஊரடங்குச் சட்டத்துக்குப் பயந்து யாரும் இரவில் காவலுக்குப் போவதில்லை. மைம்மல் நேரத்தில் காட்டோரம் நின்று ஒரு வெடி வைத்து விரட்டிவிட்டு, இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சத்தம் கேட்டு யார் வருவார்களோ என்று அந்த ஒரு வெடி கேட்டதுமே நான் பாதையைத்தான் பார்ப்பேன்.

அப்படி ஒருநாள் மஞ்சள் கோதுகள் எல்லாம் வெடித்து வெறுமையாகக் கிடந்தன. மருந்து இருந்தும் நான் இன்னும் நிரப்பவில்லை. சன்னம் கொண்டுவருகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் பால்மாப் பேணியைத் திறந்து இரண்டு வெள்ளையை எடுத்தார்.

"அது வேண்டாமப்பா" என்றேன்.

"நேற்று ஒரு மூலையைத் தின்று போட்டுதுகள். இண்டைக்கும் விட்டால் என்ன மிஞ்சும்?"

நான் வயலின் இந்தக் கரையில் நின்று தகரம் தட்ட, அவர் மற்றக் கரையில் காட்டோரம் நின்றார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெடிச்சத்தம் கேட்டது. உடனே பன்றி வீரிடுகிற சத்தமும் கேட்டது. பிறகு இரண்டாவது வெடிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கதிர்களை மிதித்துக்கொண்டு ஓடினேன். அவர் வரம்பில் விழுந்து கிடந்தார். தொடை கீழிருந்து மேலாகக் கிழிந்திருந்தது. வெடிபட்ட பன்றி, கூட்டத்தோடு சேராத தனியன், திரும்பி அவர்மேல் பாய்ந்திருக்கிறது. அவர் துவக்கை மடித்துத் திறந்து இரண்டாவது தோட்டாவைப் போடப் பார்த்திருக்கிறார். வெடித்த வெள்ளைக் கோது நீளமாகப் பிளந்து குழலுக்குள் இறுகிவிட்டது. இழுத்தும் வரவில்லை. துவக்கால் பன்றியின் மூஞ்சையில் அடித்து ஒருமாதிரித் தப்பியிருக்கிறார்.

தகரச் சத்தம் நின்று நான் கத்தியதைக் கேட்டு நானா ஓடி வந்தார். என் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினோம். நானா துவக்கை எடுத்து, ஒரு கம்பால் குழலைக் குத்திப் பிளந்த கோதை வெளியே எடுத்தார். ஒரு கணம் அதைப் பார்த்தார். தன்னுடைய சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது அங்கே கிடந்ததை அதன் பிறகு அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

ஊரடங்கு முடிகிற வரைக்கும் இவரை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தது எப்படி என்று இப்போது நினைத்தாலும் எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் வந்ததும் நானா உழவு மெசினின் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி இவரைக் கிடத்தினார். நான் இவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகத் தீவுக்குள் போக வேண்டும். தீவுப் பாலத்துக்கு முன்னால் ஆமியின் சென்ரிக் காவல் இருந்தது.

"நவத்தன்ன!" என்று ஒருவன் துவக்கை நீட்டி மறித்தான். மெசின் நின்றது. கட்டுத்துணியில் ஊறியிருந்த இரத்தத்தைப் பார்த்ததும் அவனுடைய முகம் மாறியது. அவர்களுக்கு ஒரு தமிழனின் தொடையில் காயம் என்றால் அது சூட்டுக்காயம்தான். நானாவை இறக்கிச் சோதித்தார்கள். சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளைக் கோது வெளியே வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நானாவின் பிடரியில் அடித்து வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல இன்னும் அடித்தார்கள். சிங்களம் தெரிந்தது அவருக்கு அன்றைக்கு நன்மை செய்யவில்லை.

நான் பெட்டியிலிருந்து குதித்தேன். "அது எங்கடை! அவருடையது இல்லை, எங்கடை!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லையும் சொன்னேன். "வல் ஊரா! வல் ஊரா!" காட்டுப்பன்றி, காட்டுப்பன்றி.

உள்ளேயிருந்து அவர்களுக்குப் பெரியவன் ஒருவன் வந்தான். உடைந்த தமிழ் பேசினான். கோதைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"இது யார் நிரப்பினது?"

"நான்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பொம்பிளை தோட்டா நிரப்புறது? எந்த இடத்தில பழகினது? காம்பிலயா?"

இயக்கக்காரி என்று நினைக்கிறான். என்னுடைய வாய் தானாகப் பேசத் தொடங்கியது. பன்றிக்காகத்தான், லைசன்ஸ் துவக்கு, பொலிசைப் பூட்டிவிட்டார்கள், மனுசனுக்குக் கை நடுக்கம், பித்தளையில் மஞ்சளும் வெள்ளையும் இருக்கிறது, வெள்ளை இப்படிப் பிளக்கும், மஞ்சள் பிளக்காது, வெள்ளை பிளந்தபடியால்தான் பன்றி வெட்டியது. கேட்காததையெல்லாம் சொன்னேன். அவன் நம்பினானா என்று முகத்தில் தெரியவில்லை. கட்டை அவிழ்க்கச் சொன்னான். காயத்தைக் குனிந்து பார்த்த வயதான ஆமிக்காரன் ஒருவன், "ஊரா தமய்" என்று மெதுவாகச் சொன்னான். பன்றிதான்.

பெரியவன் யோசித்தான். பிறகு சொன்னான். "காயக்காரன் ஆஸ்பத்திரி போகும், எங்கட ஆள் கூடப் போகும். இந்த ஆள் இங்க இருக்கும். நீ போய்த் துவக்கு, மஞ்சள், வெள்ளை எல்லாம் கொண்டு வா. கொண்டு வந்தா இந்த ஆளை விடுறது."

பட்டினத்துக்குப் போன ஆமி வாகனத்தில் இவரை ஏற்றினார்கள். நானும் கூட ஏறப் பார்த்தேன். இவர் கண்ணைத் திறந்து, "நீ நானாவைப் பார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வாகனம் பாலத்தில் ஏறிப் போனது. நான் மற்றப் பக்கம் திரும்பினேன்.

வெறும் சாக்கோடு திரும்பிய ஒரு நெல் லொறியில் ஏறி, மிச்சத்தை நடந்து, வீட்டுக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் நானாவின் மனைவி நின்றாள். நான் அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"மெசின் சத்தம் கேக்கேல்லயே தங்கச்சி. அவர் எங்க?"

சொன்னேன். அவள் என்னைப் பேசுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்தினாள். பிறகு எழும்பி, "விடியத் தனியப் போகாதே. நானும் வாறன்" என்றாள்.

விடிந்ததும் வைக்கோல் போருக்குள்ளிருந்து பாயை உருவினோம். கோதுகளையும் மருந்துப் பேணியையும் ஒரு துணிப்பையில் போட்டேன். ராத்தா பாயின் ஒரு நுனியையும் நான் மறு நுனியையும் பிடித்துக்கொண்டு பஸ் வரும் சந்திக்கு நடந்தோம். யார் வீட்டிலோ தங்கப் போகிறவர்கள் மாதிரி.

பாதி வழியில் இரண்டு பொடியள் சைக்கிளில் வந்தார்கள். எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார்கள். மூத்தவனுக்கு இருபது வயது இருக்கலாம்.

"அக்கா, பாய்க்குள்ளை என்ன?"

பொய் சொல்லி ஆகாது என்று தெரிந்தது. பாயை நிலத்தில் வைத்து விரித்தேன். அவன் குந்தியிருந்து துவக்கைத் தொட்டுப் பார்த்தான், பிறகு பட்டினத்துப் பஸ் வரும் சந்திப் பக்கம் பார்த்தான்.

"இதை ஆமிக்கே கொண்டுபோய்க் குடுக்கப் போறியள்?"

எனக்கு முன் ராத்தா பேசினாள். "எண்ட மனுசனைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்க, தம்பி. இந்தத் துவக்கை நீங்க எடுத்தா, அவரை நீங்கதான் போய்க் கூட்டிக்கொண்டு வரணும். ஏலுமா?"

மற்றவன், "எடடா, போவம்" என்றான். மூத்தவன் துணிப்பையைக் கவிழ்த்தான். மருந்துப் பேணியை எடுத்து மற்றவனிடம் கொடுத்தான். பிறகு கோதுகளைப் பிரித்தான். வெள்ளைகளை என் பக்கம் தள்ளினான். மஞ்சளை ஒவ்வொன்றாக எடுத்து வாயோரத்தைத் தடவிப் பார்த்துத் தன் பக்கம் சேர்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

"தம்பி, மஞ்சளும் இருக்கெண்டு நேற்றே அவங்களிட்டைச் சொல்லிப்போட்டன். ஒண்டும் இல்லாமல் போனால் நானாவை உயிரோடை விடமாட்டாங்கள்" என்றேன்.

அவனுடைய கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். "எத்தினை எண்டு சொன்னியளோ?"

"சொல்லேல்லை. அவங்களும் கேக்கேல்லை."

வாய் நெளிந்தவற்றையும் கறுத்தவற்றையும் பொறுக்கி எனக்குத் திருப்பித் தந்தான். நல்லவற்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். துவக்கை அவனே பாயில் சுற்றிக் கட்டித் தந்தான். "எங்களைக் கண்டதெண்டு சொன்னால் உங்களுக்குத்தான் கரைச்சல், அக்கா" என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

சென்ரிக்கு முன்னால் பஸ்ஸால் இறங்கி, ராத்தா தன்னுடைய வெள்ளை முக்காட்டின் மேல்துணியைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். தூரத்திலேயே பாயைக் கீழே வைக்கச் சொன்னார்கள். கையை உயர்த்திக்கொண்டு நின்றோம். பெரியவன் வந்தான். துவக்கைப் பார்த்தான், அடித்தண்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்தான். பிறகு பையை மேசையில் கொட்டினான். நெளிந்த மஞ்சள் கோது ஒன்று உருண்டு விளிம்பில் போய் நின்றது.

"மஞ்சள் நல்லது, பிளக்காது எண்டு சொன்னது நீதானே?"

"ஓம், ஐயா."

"இது எல்லாம் குப்பை. நல்லது எங்க?"

ராத்தாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. அவளுடைய நகம் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

"இவ்வளவுதான் இருக்கு. எல்லாம் மாமனார் காலத்துச் சாமான். பழுதானதுகளைக் குளத்துக்குள்ளை எறிஞ்சு போட்டம்."

"மருந்து?"

"முடிஞ்சுது, ஐயா."

"வழியில ஆராவது எடுத்ததா?"

"இல்லை."

அவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் இமைக்கக்கூடாது என்று நினைத்தேன். இமைக்காமல் நின்றாலும் சந்தேகப்படுவான் என்று உடனே தோன்றியது. நான் சொல்வது பொய்யென்று தெரிந்துதான் அவன் பேசாமல் இருந்தானா, அல்லது ஒரு கிழட்டு ஒற்றைக்குழலுக்காக இதற்கு மேல் மினைக்கெட அவனுக்கு மனமில்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கோதுகளைக் கையால் வழித்து ஒரு மரப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு உள்ளே பார்த்து ஏதோ சொன்னான்.

நானாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. இடது காதிலிருந்து வடிந்த இரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. ராத்தா அவரைத் தொடவில்லை, அழவுமில்லை. "நடக்க ஏலுமா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. மற்றப் பக்கம் போய்நின்று திரும்பக் கேட்டாள்.

"ஏலும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவம், தம்பியைப் பாக்கோணும்" என்றார். இவரைத்தான் அவர் தம்பி என்பார்.

மெசினைச் சென்ரியடியிலேயே விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து நாங்கள் மூன்று பேரும் நடந்தே போனோம். இவருக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலைக் காப்பாற்றிவிடலாம் என்று டொக்டர் சொன்னார். நானாவின் முகத்தைப் பார்த்ததும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய முதுகில் கையை வைத்தார். இரண்டு பேரும் கோதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் கதைக்கவில்லை. வருசக்கணக்காக வாய் ஓயாமல் வாதாடியவர்கள்.

அந்தப் போகத்தில் பன்றிகள் எங்கள் வயலில் பாதிக்கு மேல் தின்றுவிட்டன. மிஞ்சியதை நானும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் வெட்டினோம். களத்தில் கதிர் மிதித்துச் சூடடிக்க நானாதான் மெசினைக் கொண்டு வந்தார். இடது காது அவருக்குத் திரும்பக் கேட்கவேயில்லை. நான் எப்போதும் அவருடைய வலப்பக்கமாகப் போய்நின்று உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இவர் ஆஸ்பத்திரியால் வந்து, தடி ஊன்றி, களத்தின் ஓரத்தில் சாக்கு ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மெசின் சுற்றிச் சுற்றி வந்தது.

வழியில் பொடியள் மறித்ததையும் நான் பொய் சொன்னதையும் அன்றைக்குத்தான் இவரிடம் சொன்னேன். அதுவரை எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"ராத்தாவும் நிண்டவவோ?"

"அவதான் முதல் கதைச்சவ."

இவர் தடியை ஊன்றி எழும்பினார். அளந்து கட்டி வைத்திருந்த நெல் மூட்டைகளில் ஒன்றை நானாவின் பெட்டியில் ஏற்றச் சொன்னார். உழவுக்கூலி முன்பே கொடுத்தாகிவிட்டது என்று நானா மறுத்தார்.

"இது உங்களுக்கில்லை, நானா. ராத்தாவுக்கு" என்றார் இவர்.

நானா கேட்காத காதைக் காட்டிக்கொண்டு மெசினைத் திருப்பப் பார்த்தார். நானே மூட்டையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். கூலிக்கு வந்த பெண் மறு மூலையைத் தூக்கினாள். பெட்டிக்குள் அதைத் தள்ளிவிட்டு, நாங்கள் வைக்கோலை உதறப் போய்விட்டோம்.